தகடு பிறகு, சேஸிஸ் முதலில்

திருச்சியிலிருந்து காவிரியை ஒட்டிக் கரூருக்குப் போகும் சாலையில் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். எஞ்சின், ஸ்டீயரிங், ஆறு சக்கரம், நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம். கூரை இல்லை, கதவு இல்லை, முன்கண்ணாடி இல்லை. தற்காலிகமாக வைத்த இருக்கையில், தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் காற்றையும் வாங்கியபடி ஓட்டுநர் ஓட்டிப் போவார். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட பஸ் சேஸிஸ் அது. கரூரில் உள்ள பாடி கட்டும் கூடம் ஒன்றுக்குள் போய், இருக்கையும் ஜன்னலும் பெயின்டுமாக முழு பஸ்ஸாகி வெளியே வரும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கார்களும் இப்படித்தான் பிறந்தன. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் சேஸிஸை மட்டும்தான் விற்றது. வாங்கியவர் அதைத் தமக்குப் பிடித்த கோச் கட்டும் கம்பெனிக்கு அனுப்பி, தம் ரசனைக்கு ஏற்ற உடலைக் கட்டிக்கொள்வார். சென்னையில் 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி அதே கைத்திறனோடு மோட்டார் யுகத்துக்குள் வந்தது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டி மதராஸ் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். நம் மண்ணில் கார் கட்டும் கதை பெரிய தொழிற்சாலையில் தொடங்கவில்லை. தகடும் மரமும் தெரிந்த ஒரு பட்டறையில் தொடங்கியது.

இன்றைக்கு ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் போட்டு, 1930-களின் சாயலில் இருவர் அமரும் கார் ஒன்றைக் கட்ட ஆசைப்படுகிறவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் முதலில் போவது உருண்ட மட்கார்டிலும் நீண்ட பானட்டிலும்தான். ஆசை அங்கே பிறப்பது இயல்பு. ஆனால் வேலை அங்கே தொடங்கக் கூடாது. கார் என்பது அடிப்படையில் நான்கு சக்கரங்களை ஒன்றுக்கொன்று சரியான இடத்தில் பிடித்து வைத்திருக்கும் ஒரு கட்டுமானம். அந்தப் பிடியைத் தருவது சேஸிஸ். அது சரியாக அமைந்தால் மேலே எந்த உடலையும் உட்கார வைக்கலாம். அது தவறினால் எவ்வளவு அழகான உடலும் வீண்.

பழைய கார் என்றதும் நம்மில் பலருக்கு அம்பாசடர் நினைவுக்கு வரும். அதன் உடலைக் கழற்றிவிட்டு வேறு உடலை ஏற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுத் தூண், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாகச் சுமையைத் தாங்குகின்றன. 1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்டாவும் 1934-ல் பிரான்சின் சிட்ரோயனும் காட்டிய வழி அது. கூரையை வெட்டினால் சுமை தாங்கும் உறுப்பையே வெட்டியதாகும். கல்யாண ஊர்வலத்துக்கென்று கூரையை அறுத்த பழைய கார்களில் கொஞ்ச நாளில் கதவு சரியாக மூடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

விதிவிலக்கு ஒன்று நம் வாசலிலேயே இருந்தது. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலாட்டி வரைந்த அந்தக் கார், உலகமே ஒற்றைக் கூட்டுக்கு மாறிய பிறகும் தனிச் சேஸிஸோடு வந்தது. உடல் பாகங்கள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருந்தன. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சின் 948 சிசி. சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். இங்கிலாந்தில் இதன் மூலக்காரான டிரையம்ப் ஹெரால்டின் சேஸிஸ் மீது பழைய பாணி உடல்களைக் கட்டிக்கொண்ட வீட்டுப் பட்டறைக்காரர்கள் ஏராளம். பழைய மகிந்திரா ஜீப்பும் தனிச் சேஸிஸ் வண்டிதான், ஆனால் உயரம் அதிகம். தாழ்வான பழைய காரின் சாயலை அதில் கொண்டுவருவது கடினம்.

சேஸிஸைப் புதிதாகவே கட்டுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய அறிவியல், முறுக்கு. வண்டியின் எடையால் சட்டம் நடுவில் தொய்வதைத்தான் எல்லோரும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். அது சுலபமாகச் சமாளிக்கக் கூடியது. ஒரு பக்க முன்சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, சேஸிஸின் முன்பகுதி ஒரு பக்கமும் பின்பகுதி மறுபக்கமும் திருகப்படுகிறதே, அதுதான் பெரிய சோதனை. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒவ்வொரு பள்ளத்திலும் சாலை அந்தச் சட்டத்தைப் பிழிகிறது.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். 100 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள சீ-சேனல் ஒன்றையும், அதே அளவில் நாற்புறமும் மூடிய பாக்ஸ் பைப் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பில் இருக்கும் இரும்பு சேனலில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். முறுக்கைத் தாங்கும் விறைப்போ 400 மடங்கைத் தாண்டுகிறது! காரணம் இதுதான்: திறந்த சேனலில் முறுக்கு விசை தகட்டின் 3 மில்லிமீட்டர் கனத்துக்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. மூடிய பைப்பில் அது நான்கு சுவர்களையும் சுற்றி ஓடி வட்டத்தை முடிக்கிறது. சுற்றி வளைக்கும் பரப்பு எவ்வளவு பெரிதோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப விறைப்பு கூடும். ஆகவே பழைய ஜீப் சேனலைப் பார்த்து அப்படியே நகல் எடுப்பதைவிட, திறந்த பக்கத்தில் ஒரு பட்டைத் தகட்டை வைத்து மூடி வெல்டிங் செய்வது பல மடங்கு புத்திசாலித்தனம். லாரிகள் இன்னும் திறந்த சேனலில் வருகின்றன என்று கேட்கலாம். மேடு பள்ளத்தில் நான்கு மூலையும் தரையைத் தொட, சட்டமே கொஞ்சம் திருகிக்கொடுப்பது லாரிக்கு வசதி. காருக்கு அப்படியில்லை. சேஸிஸ் திருகினால் ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் செய்யத் தொடங்கும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கில் கேட்டது ஒன்றாகவும் சக்கரம் செய்வது வேறாகவும் ஆகும்.

விறைப்பு போதுமா என்பதை ஷெட்டிலேயே அளந்துவிடலாம். சேஸிஸின் பின்முனை இரண்டையும் அசையாமல் கட்டிவிட வேண்டும். முன்முனையைக் குறுக்கே ஒரு உத்திரத்தோடு பிணைத்து, உத்திரத்தின் நடுவில் மட்டும் ஒரு தாங்கி வைக்க வேண்டும். தாங்கியிலிருந்து 1 மீட்டர் தள்ளி உத்திரத்தில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டால் சேஸிஸ் மேல் விழும் முறுக்கு சுமார் 390 நியூட்டன்-மீட்டர். எடை தொங்கும் இடம் 3.5 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் சேஸிஸ் 0.2 டிகிரி திருகியிருக்கிறது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1,950 நியூட்டன்-மீட்டர் என்று கணக்கு வந்துவிடும். இன்றைய ஒற்றைக்கூட்டுக் கார்கள் பலவற்றில் இது 15,000-க்கு மேல். பழைய பாணி கார் அந்த எண்ணை எட்ட வேண்டிய தேவையில்லை. ஆனால் குறுக்குச்சட்டத்தை எக்ஸ் வடிவில் மாற்றினால் என்ன ஆகிறது, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்புச் சுவரைச் சட்டத்தோடு இணைத்தால் என்ன ஆகிறது என்பதை எடையும் அளவுகோலும் வைத்துப் பார்க்கலாம். தொழிற்சாலைப் பொறியாளர் கணினியில் செய்வதை இங்கே கையால் செய்கிறோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் தகட்டில் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வெல்டிங். இந்த வேலைக்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன். 1960-களில் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தது. அனல் மின் நிலையங்களுக்கான உயர் அழுத்தக் கொதிகலன்கள் அங்கே உருவாகின்றன. கொதிகலன் என்பது பெரும்பாலும் வெல்டிங்கால் பிணைக்கப்பட்ட குழாய்களின் காடு. ஒரு இணைப்பு கசிந்தாலும் மின் நிலையமே நிற்கும். அதனால்தான் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே அமைந்தது. பெல்லை நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் பெருகிய பட்டறைகளில் பயின்ற வெல்டர்களும் பிட்டர்களும் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆர்கான் வெல்டிங்குக்கும் சிஓடூ வெல்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால், டீக்கடையில் நின்றபடியே பாடம் எடுத்துவிடுவார்கள்.

அவர்களிடம் கற்க வேண்டிய முதல் பாடம், வெல்டிங் இரும்பை இழுக்கும் என்பது. உருகிய இரும்பு சுமார் 1,500 டிகிரி செல்சியஸிலிருந்து ஆறும்போது சுருங்குகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதைச் சுருங்கவிடாது. அந்த இழுபறியில் சட்டம் கோணும். ஒரு பக்க மூட்டை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால், நேராக வைத்த சட்டம் வாழைக்காயாக வளைந்து நிற்கும். ஆகவே முதலில் எல்லா மூலைகளிலும் சின்னச் சின்னதாக டேக் மட்டும் அடிக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சமமானால்தான் சட்டம் மூலைமட்டம். பிறகு முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது என்று மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

வெல்டிங் உடையும்போது பெரும்பாலும் வெல்டிங் போட்ட இடம் உடையாது. அதை ஒட்டிய கோடு உடையும். உருகாமல், ஆனால் கடுமையாகச் சூடேறிய அந்தப் பட்டையில் இரும்பின் உள்ளமைப்பு மாறிவிடுகிறது. வெல்டிங் மேடு முடிந்து தகடு தொடங்கும் விளிம்பில் விசை வந்து குவிகிறது. அங்கே மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பெல் வட்டாரத்துப் பட்டறைகளில் தினமும் செய்யும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சிவப்புச் சாயத்தை மூட்டின் மேல் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுவார்கள். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால், உள்ளே இறங்கி ஒளிந்திருந்த சாயம் வெள்ளைப் பொடிக்குள் ஊறி மேலே வரும். வெறும் வெள்ளைப் பரப்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தானாக வரைந்துகொள்வதைப் பார்க்கலாம். செலவு அதிகமில்லை. ஸ்டீயரிங் பெட்டியும் ஸ்பிரிங்கும் மாட்டும் தாங்கிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

சேஸிஸ் முடிந்தால் தகடு. இனிதான் மட்கார்டு.

தாளைச் சுருட்டிக் குழாய் ஆக்கலாம். அதே தாளைப் பந்தின் மேல் சுருக்கம் விழாமல் ஒட்ட முடியாது. ஏன் முடியாது என்பதை 1827-ல் காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை நிறுவிக் காட்டினார். ஒரு பரப்பை நீட்டாமல், சுருக்காமல் வளைத்தால் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது. பானட்டின் பக்கத் தகடு ஒரு திசையில் மட்டும் வளைவதால் உருளையில் கொடுத்து வாங்கிவிடலாம். மட்கார்டோ இரு திசையிலும் வளைகிறது. ஆகவே நடுப்பகுதியில் தகட்டை நீட்டியாக வேண்டும், அல்லது விளிம்பில் சுருக்கியாக வேண்டும். மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து உருண்டை முகச் சுத்தியலால் தட்டும்போது டிங்கர் மேஸ்திரி செய்வது இதைத்தான். அடி விழும் இடத்தில் தகடு மெலிந்து பரப்பில் கூடுகிறது. கூடிய பரப்புக்குப் போக வேறு இடம் இல்லாததால் குவிந்து எழுகிறது.

கொஞ்ச நேரம் தட்டியதும் தகடு முரண்டு பிடிக்கும். அடியின் ஓசையே மாறும். மந்தமாக இருந்தது கணீரென்று ஆகும். உலோகப் படிகத்துக்குள் அணுக்களின் அடுக்கில் சிறு பிறழ்வுகள் இருக்கின்றன. அவை நகர்வதால்தான் உலோகம் உடையாமல் உருமாறுகிறது என்பதை 1934-ல் டெய்லர், போலன்யி, ஒரோவன் ஆகிய மூவரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். அடிக்க அடிக்கப் பிறழ்வுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நகர இடமில்லாமல் போகிறது. அதற்கு மேலும் தட்டினால் தகடு கிழியும். சூடாக்கினால் சிக்கல் அவிழ்ந்து புதிய படிகங்கள் பிறக்கின்றன, தகடு மறுபடி இளகுகிறது. கோயில் கவசம் செய்கிறவர்களும் தஞ்சாவூர்த் தட்டுக்குப் படம் எழுப்புகிறவர்களும் இடையிடையே தகட்டை நெருப்பில் காட்டி எடுப்பது இதற்காகத்தான். காவிரிக்கரையின் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட உலோகவியல் இது. மட்கார்டு தட்டப் போகிறவர் ஒருநாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

அலுமினியத் தகட்டில் மட்டும் ஒரு சிக்கல். இரும்பும் செம்பும் சூடேறும்போது சிவந்து தம் வெப்பநிலையைக் காட்டிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்குள் சிவக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகட்டில் ஓட்டை விழும். பழைய மேஸ்திரிகளின் வழி இது: துணி துவைக்கும் பார் சோப்பைத் தகட்டில் ஒரு கோடு தேய்த்துவிட்டு, மறுபுறமிருந்து டார்ச்சால் மெல்லச் சூடாக்குவார்கள். சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுக்கும் தருணத்தில் தகடு இளகும் வெப்பநிலைக்கு வந்திருக்கும். உடனே டார்ச்சை விலக்கிவிட வேண்டும். வெப்பமானி வேண்டாம், சோப்பே அந்த வேலையைச் செய்கிறது. அலுமினிய உடலை இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாகப் பதிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு உலோகங்களுக்கு இடையே ஈரம் புகுந்தால் ஒரு மின்கலம் உருவாகி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். நடுவே ரப்பர் பட்டை வைக்க வேண்டும். ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம் என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. மூடிய பைப்பின் உட்புறத்துக்கும் துருத் தடுப்பு மெழுகும், அடியில் நீர் வடியத் துளையும் வேண்டும்.

ஸ்டீயரிங்கின் கணிதத்தைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்தில் ஆண்டுதோறும் ஒரு செயல்முறை விளக்கம் நடக்கிறது. சித்திரைத் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பாருங்கள். தேரின் சக்கரங்கள் அச்சோடு நேராக நிற்பவை; இடமோ வலமோ திரும்பாதவை. நேர் வீதியில் வடம் பிடித்து இழுத்தால் கம்பீரமாக நகரும் தேர், முனைக்கு வந்ததும் தயங்கும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சாய்த்துக் கொடுத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். உயிரைப் பணயம் வைக்கும் திறமை அது. திருவாரூர் ஆழித்தேருக்கு 1970-ல் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். தேரை நிறுத்துவது அதனால் எளிதானது. திருப்புவது இன்னும் முட்டுக்கட்டைக்காரர் கையில்தான்.

கார் ஒவ்வொரு முனையிலும் இப்படிச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு திரும்ப முடியாது. நான்கு சக்கரமும் ஒரே புள்ளியை மையமாகக் கொண்டு வட்டம் போட வேண்டும். முன்பின் அச்சுகளுக்கு இடையே 2.3 மீட்டர், சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் உள்ள கார், 4.5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், உள்பக்க முன்சக்கரம் சுமார் 30 டிகிரி திரும்ப வேண்டும். வெளிப்பக்கச் சக்கரம் 24 டிகிரிதான். இரண்டும் சமமாகத் திரும்பினால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும், டயர் தேயும். குதிரை வண்டிக்காக லங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்து, 1818-ல் ஆக்கர்மன் லண்டனில் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றுவரை இதற்குத் தீர்வு. ஷெட்டில் இதைச் சரிபார்க்க ஒரு நூல் போதும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் நூலைக் கட்டி, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் மாட்டும் முனை வழியாக நேராகப் பின்னோக்கி இழுத்தால், அது பின் அச்சின் நடுப்புள்ளிக்கு அருகில் போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்க நூலும் அங்கே சந்தித்தால் ஸ்டீயரிங் கை சரியாக அமைந்திருக்கிறது. பின்சக்கரங்களுக்கும் இதே கதை. அதே 4.5 மீட்டர் ஆரத்தில் கால்வட்டம் திரும்பினால், உள்பக்கச் சக்கரம் 6 மீட்டர் உருளும்போது வெளிப்பக்கச் சக்கரம் 8 மீட்டர் உருள வேண்டும். இந்த இரண்டு மீட்டர் வித்தியாசத்தைக் கொடுப்பதற்கே டிஃபரன்ஷியல் இருக்கிறது.

டிஃபரன்ஷியலை வீட்டில் செய்ய முயல வேண்டாம். எஞ்சின், கியர் பெட்டி, பின் ஹவுசிங், ஸ்டீயரிங் பெட்டி, முன்கண்ணாடி எல்லாம் ஏதாவது தொழிற்சாலையின் சரக்காக இருக்கட்டும். பிரேக் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு. 800 கிலோ கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 50 கிலோஜூல். 80 கிலோமீட்டரில் 200 கிலோஜூல். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகிறது. அழகுக்காக மெல்லிய பழங்கால டிரம் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பழைய சாயல் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் போதும்.

பழைய வரைபடத்தை வைத்துப் புது வண்டி கட்டுவது திருச்சிக்குப் புதிதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் இறுதியில் இடம்பெயர்ந்து வந்த பொன்மலை ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டியிருக்கிறது. மூல எஞ்சின்கள் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் மலைப்பாதையில் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றி ஏறுபவை. 2011 முதல் எண்ணெயில் எரியும் நான்கு எஞ்சின்களையும், பிறகு 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினையும் பொன்மலைத் தொழிலாளர்கள் கட்டி முடித்தார்கள். தோற்றமும் இயங்கும் முறையும் நூறாண்டுப் பழையவை. இரும்பும் வெல்டிங்கும் சோதனையும் இன்றையவை. வீட்டு ஷெட்டில் கார் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை.

தனி மனிதர் கட்டிய கார் என்றால் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர். வண்டியின் அடிப்பகுதியைக் கையால் தொட்டுக் கற்றவர். 1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி, அதை 2,000 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை. கார்கள் மீது அவர் வைத்திருந்த காதலின் தொடர்ச்சியாக இன்று கோவை அவினாசி சாலையில் ஒரு கார் அருங்காட்சியகம் நிற்கிறது. நம்மிடம் திறமை இல்லாமலா அந்த 2,000 ரூபாய் கார் நின்றது?

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, பதிவான வண்டியின் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. புதிய வடிவத்தைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால், ஆயிரக்கணக்கில் கார் விற்கும் கம்பெனி பெறும் அதே மாதிரி ஒப்புதலைப் பெற வேண்டும். ஒரே ஒரு கார் கட்டும் மனிதருக்கு அது எட்டாத செலவு. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் ஏதுமின்றி மூல வடிவத்தில் இருக்கும் வண்டிகளுக்கே உதவும். புதிதாகக் கட்டியதற்கு உதவாது. கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு ஏஐஎஸ்-052 என்ற நெறிமுறை இருக்கிறது. சேஸிஸ் ஒருவருடையதாகவும் உடல் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டம் அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐம்பது பேர் பயணம் செய்யும் வண்டிக்குச் செய்ய முடிந்ததை இரண்டு பேர் காருக்குச் செய்ய முடியாதா?

கட்டுப்பாடே வேண்டாம் என்று கேட்கவில்லை. மோசமாகக் கட்டிய வண்டி சாலையில் போகும் எல்லோருக்கும் ஆபத்து. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கென்றே தனி ஒப்புதல் முறை உண்டு. வீட்டில் கட்டிய காரை ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனால் பிரேக், சீட் பெல்ட் பிடிமானம், விளக்கு, புகை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வெளியே துருத்தும் விளிம்புகூட 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்கிறதா என்று அளப்பார்கள். ஆஸ்திரேலியாவில் தனிநபர் கட்டிய வண்டியின் சேஸிஸைத் திருகிப் பார்க்கும் சோதனையும் உண்டு. நம் பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்குத் துணையாகத் திருச்சி என்ஐடியின் இயந்திரவியல் துறையும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இதே ஊரில் இருக்கின்றன. ஒரு வண்டியைச் சோதித்துச் சான்று கொடுக்கத் தேவையான கருவியும் ஆளும் திருவெறும்பூர் வட்டாரத்திலேயே கிடைக்கும். ஒற்றை வண்டி ஒப்புதல் முறை ஒன்றை மத்தியப் போக்குவரத்துத் துறை கொண்டுவர வேண்டும். அதை முதலில் நடத்திப் பார்க்கத் திருச்சியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதுவரை, கார் கட்டும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரும்பு வாங்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், எது அனுமதி, எது இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்சி புத்தகத்தோடு ஒரு பழைய ஹெரால்டு கிடைத்தால், அதன் வடிவத்தைக் கலைக்காமல் மீட்டெடுங்கள். இங்கே சொன்ன அத்தனை வேலையும் அதிலேயே கற்கக் கிடைக்கும். புதிதாகவே கட்டுவதென்றால், சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓட்டும் வண்டியாகக் கட்டுங்கள். சேஸிஸைத் திருகி அளந்த எண்ணையும், ஒவ்வொரு மூட்டின் சாயச் சோதனைப் படத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சட்டம் மாறும் நாளில் ஆய்வாளர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.